இரத்தினம் அண்ணையின் பதில்

மழை வந்தால் லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் எல்லோரும் ஓடுவார்கள். தலையில் கடைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, மெற்றோப் பாலத்தின் அடிக்காவது போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று... அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஓடினார்கள். ஒருவனைத் தவிர.

மரக்கறிக் கடையின் படங்குக்குக் கீழே ஒதுங்கி நின்ற கஜந்தினி அவனைக் கண்டாள். ஓடவுமில்லை, ஆடி அசைந்து வரவுமில்லை. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரே சீரான விறுவிறு நடை. நேரே வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். தலை தெப்பமாக நனைந்திருந்தது. சட்டையோ... கிட்டத்தட்ட உலர்ந்தபடி.

அவள் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். பெரிய கண்கள் அவனுக்கு. இமை மயிரில் ஒரு துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. பார்வையைத் திருப்ப அவள் கொஞ்சம் பிந்திவிட்டாள்.

“என்ன, விசரன் எண்டு நினைக்கிறியளோ?”

“எல்லாரும் ஓடேக்கை ஒராள் நடந்தால் வேறை என்னெண்டு நினைக்கிறது?”

“காத்து முதுகிலை அடிச்சால் காத்தின்ரை வேகத்திலைதான் போகோணும். அதைவிட வேகமாய் ஓடினால் முன்பக்கமும் நனையும்.” கையால் தலையைத் துடைத்துக்கொண்டான். “சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

கஜந்தினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வார்த்தைகளை அவள் முன்பே வாசித்திருக்கிறாள். வாசித்தது மட்டுமா...

இணையத்தில் ‘இயற்பியல் சந்தேகங்கள்’ என்றொரு தமிழ்க் குழு. படித்துப் பட்டம் பெற்றவர்கள் அங்கே அருமை. சாரதி, சமையல்காரர், கடைக்காரர் என்று வேலை முடிந்து வந்து, நிலா ஏன் விழுவதில்லை என்று மல்லுக்கட்டும் கூட்டம். பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கும் கஜந்தினிக்கு அந்தக் குழு என்றால் சோறு தண்ணி வேண்டாம். பெண் பெயரில் போனால் ‘ஹாய்’ என்று தனிச்செய்தி வந்து குவியுமே என்று, அப்பா திறந்துவிட்டு மறந்துபோன கணக்கில் புகுந்தாள். அப்பாவின் பெயர் இரத்தினம். அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் ‘இரத்தினம் அண்ணை’.

கூசேன்வில் என்ற ஊரிலிருந்து பிருந்தாபன் என்பவன் இந்த மழைக் கணக்கைக் குழுவில் போட்டபோது அண்ணை கேலி செய்தார். ‘தம்பி, முதலிலை ஒருக்கா மழையிலை நனைஞ்சிட்டு வாரும்.’ குழுவே சிரித்தது. அவன் எதிர்த்து ஒரு வரிகூட எழுதவில்லை. ‘மன்னிக்கோணும் அண்ணை’ என்று போட்டவன் அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ஆறுதலாக உட்கார்ந்து கணக்கைச் செய்து பார்த்தபோதுதான் அவன் சொன்னது சரியென்று அவளுக்குத் தெரிந்தது. ஒத்துக்கொள்ள அண்ணையின் கௌரவம் விடவில்லை.

“ஆர் நம்பாதவை?” என்று கேட்டாள், தெரியாதவள் போல.

“ஒரு குறூப்பிலை இரத்தினம் அண்ணை எண்டு ஒருத்தர். நல்ல கெட்டிக்காரன். அவரின்ரை பதிலை வாசிக்கத்தான் நான் முந்தி அங்கை போறனான்.”

“அவர் பிழையெண்டால் திருப்பிச் சொல்லியிருக்கலாமே.”

“வயசுபோன மனிசன். எல்லாருக்கும் முன்னாலை எப்பிடி...”

வயசுபோன மனிசன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். மழை விட்டதும், “ஒரு தேத்தண்ணி குடிப்பமோ?” என்று அவன் கூச்சத்தோடு கேட்டான். சொல்ல வந்தது தேத்தண்ணியோடு உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஞாயிறு வந்தால் அந்தத் தேத்தண்ணிக் கடைதான். அவன் விமான நிலையத்து வேலைக் கதை சொல்வான், அவள் பல்லுக் கதை சொல்வாள். பாலை இப்போதே விட்டால் சூடு கனநேரம் நிற்குமா, பிறகு விட்டாலா என்று சண்டை பிடிப்பார்கள். சண்டையில் தேத்தண்ணி ஆறிவிடும். அவன் சிரிக்கும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடு என்று மனம் இடிக்கும். சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடுமே என்று வாய் மூடிக்கொள்ளும்.

ஒருநாள் ஆர்ஜொந்தெய்யில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது அப்பாவின் கணக்குக்கு ஒரு செய்தி வந்தது.

‘அண்ணை, என்னிலை கோவம் ஒண்டும் இல்லையே? எனக்கு இஞ்சை பெரியாக்கள் எண்டு ஒருத்தரும் இல்லை. ஆர்ஜொந்தெய்யிலை ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு. அவவின்ரை வீட்டை போய்க் கதைக்க ஒரு மூத்த ஆள் வேணும். நீங்கள் வருவியளோ?’

முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. இரத்தினம் வீட்டுக்கே இரத்தினத்தைப் பெண் கேட்க அனுப்புகிறான். அடுத்த தரிப்பு வருவதற்குள் கண் நிறைந்துவிட்டது. கேலி செய்தவரை அல்லவா இவன் தன் பெரியவராக நினைத்திருக்கிறான்...

அடுத்த ஞாயிறு தேத்தண்ணி வரும்வரைகூட அவள் பொறுக்கவில்லை.

“பிருந்தாபன், இரத்தினம் அண்ணை... நான்தான்.”

அவன் சிரித்தான். அவள் கைபேசியை நீட்டினாள். தன் செய்தியையே அதில் வாசித்தவனின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“அப்ப முதல் நாளே உமக்குத் தெரியும்.”

“ஓம்.”

“நான் சொன்னது சரியெண்டும்...”

“அதுக்கு முந்தியே தெரியும்.”

அவன் கைபேசியை அவள் பக்கம் தள்ளி வைத்தான். “சிரிச்சதுக்குக் கவலையில்லை, கஜந்தினி. வேலையாலை வந்தால் எனக்குக் கதைக்க இருந்தது அந்த இடம் ஒண்டுதான். அதையும் விட்டிட்டு இருந்தனான். நீர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.”

தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனான். வெளியே மழை, காற்று எதிர்க்காற்று. கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் முழுக்க நனைந்துகொண்டு போனான். வேகத்தைப் பற்றி அன்றைக்கு அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

அன்றே அவள் குழுவில் தன் சொந்தப் பெயரில், படத்தோடு எழுதினாள். கணக்கை முதலிலிருந்து செய்து காட்டி, ‘பிருந்தாபன் சொன்னதுதான் சரி. கேலி செய்த இரத்தினம் அண்ணை நான்தான்’ என்று முடித்தாள். குழு இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் பயந்த ‘ஹாய்’களும் வந்து குவிந்தன. அவள் தேடிய பெயர் மட்டும் வரவில்லை. ஞாயிறுகள் வந்து போயின. தேத்தண்ணிக் கடையில் அவள் தனியாகக் குடித்தாள். பாலை எப்போது விட்டாலென்ன என்றாகிவிட்டது.

பிறகொரு ஞாயிறு, அதே மரக்கறிக் கடைப் படங்குக்குக் கீழே நிற்கும்போது அப்பாவின் கணக்குக்குச் செய்தி வந்து கைபேசி முனகியது.

‘அண்ணை, ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளை என்னை ஏமாத்திப்போட்டுது. விட்டிட்டுப் போகவும் மனம் வருகுதில்லை. என்ன செய்யட்டும்?’

யார் வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறான். கஜந்தினி நனைந்த கண்ணோடு சிரித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

‘தம்பி, அவள் செய்தது பிழை. உடனை மன்னிக்க வேண்டாம். அண்ணை இதோடை முடிஞ்சுது.’

அனுப்பிவிட்டு அப்பாவின் கணக்கிலிருந்து வெளியே வந்தாள். பிறகு தன் பெயரில் எழுதினாள்.

‘நீர் மன்னிப்புக் கேட்டிட்டுப் போன அண்டையிலிருந்தே உம்மைத் தேடினனான். மழையிலை வந்து பக்கத்திலை நிண்டீர்... அப்பவும் சொல்லேல்லை. முதலிலை கௌரவம், பிறகு பயம். எனக்கு உம்மிலை சரியான விருப்பம், பிருந்தாபன். பிந்தித்தான் சொல்லுறன். ஆனா இது அண்ணை சொல்லுறதில்லை, நான் சொல்லுறது.’