திறந்திருந்த மூடி

"அப்பாவோட குவளையைக் குடுங்க, ஓட்மார் மாமா."

அந்தச் சங்கத்தில் எந்தப் பெண்ணும் அதைக் கேட்கக் கூடாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஹெட்விக்குக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். பீர்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்மார் நிமிரவில்லை.

"காலேஜ் முடிச்சிட்டா சங்கத்துக்கே சட்டம் சொல்ல வந்துடுவியா? செத்தவன் குவளை அலமாரியை விட்டு எறங்காது. உங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான்."

ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அமெரிக்காவின் மில்வாக்கியில் கட்டிய சங்கக் கூடம் அது. ஜெர்மனியோடு போர் வந்தபோது ஊரார் பெயர்ப்பலகையை உடைத்தார்கள். பிறகு அரசாங்கம் மதுவையே தடை செய்து, பல வருஷம் கழித்துத்தான் தடையை நீக்கியது. அலமாரியில் ஆளுக்கொன்றாக இருந்த, கீல் மூடி வைத்த பீர்க் குவளைகளை மட்டும் யாரும் அசைக்கவில்லை. மூடி திறந்திருந்தால் இன்னும் ஊற்று, மூடியிருந்தால் போதும். இதுதான் அங்கே பேச்சில்லாத பேச்சு. செத்தவர்களின் ஈயமூடிகள் வரிசையாக மூடிக்கிடக்க, அப்பாவுடையது மட்டும் வாய் பிளந்து, புது பீரின் புளிப்பும் அதற்கடியில் ஈரமண்ணுமாக நாறிக்கொண்டிருந்தது.

"இதுல யார் ஊத்துறது?"

"நான்தான். திறந்திருந்தா ஊத்தணும்ல. காலையில பார்த்தா காலியா இருக்கு. நான் என்ன பண்ண?"

அப்பாவைப் புதைத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்று காலை அம்மாவின் முழங்கைக்கு மேலே புதிதாக விரல் தடங்கள், நீலமாக. "கதவைத் திறக்க லேட்டாயிடுச்சு" என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. உயிரோடு இருந்தவரை அவர் குடித்துவிட்டு வந்த ராத்திரிகளுக்கும் அவள் சொன்ன காரணம் அதுதான். ஹெட்விக்குக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட மரத்துப் போயிருந்தது.

நாற்காலியில் ஏறிக் குவளையை எடுத்தாள். கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். காலியானது. கனம் குறையவில்லை.

"வேணாம் பொண்ணே. எங்க போனாலும், குவளை எங்கேயோ அங்கேதான் அவன் திரும்புவான். வீட்டுக்குள்ள வெச்சா வெளிய போகவே மாட்டான்."

"வீட்டுக்குன்னு யார் சொன்னா?"

மூடியை அடைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

உள்ளிருந்து ஏதோ அழுத்தியது. மெதுவாக. பழகிய பிடிவாதத்தோடு.

முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு மூடி திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை முழுக்க. ஓட்மார் குழாயைத் திருகும் சத்தம்.

அவள் திரும்பவில்லை. வாசலைத் தாண்டினாள். பனி. வீடு இடது பக்கம். ஏரி வலது பக்கம். வலது பக்கம் நடந்தாள்.

விரலுக்கடியில், ஈயத்தின் உள்பக்கம், ஒரு நகம் சுரண்டத் தொடங்கியது.