முதுகு காட்டிய ஷாட்

அந்தேரியில் அந்த டப்பிங் தியேட்டருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல மதியம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நடைபாதை முழுக்க ஈரக் குடைகளை விரித்துக் காயவைத்திருந்தார்கள். உள்ளே கனமான இரட்டைக் கதவு. இரண்டாவது கதவு சாத்திக்கொண்டதும் தெருவின் இரைச்சல் அறுபட்டு நின்றது. நனைந்த கம்பள வாடை, ஏசியின் குளிர், இருட்டு. என் மூச்சு எனக்கே கேட்டது.

"வாங்க கிஷ்ணிஜி," என்றார் தயாரிப்பாளர் ஹர்மேஷ் டாங். "சீக்கிரம் முடிச்சாத்தான் சுரம்யாஜி ஆத்மா சாந்தியாகும். குடும்பத்துல ஒருத்தர் கூட இருந்தா நல்லதுன்னுதான் கூப்பிட்டேன்."

சுரம்யா என் அக்கா. வீட்டில் அவள் பெயர் பொபட்டி. தங்கை எனக்கு அதீ; சிந்தியில் அக்கா என்று அர்த்தம். பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

மைக்குக்குப் பக்கத்தில் டப்பிங் பேசும் மந்தாகினி பெண்ட்சே நின்றிருந்தார். ஊருக்கெல்லாம் மந்தாதாயி. அவரைப் பார்த்ததும் எதற்காகக் கூடியிருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

"கோபமா கிஷ்ணி?" என்றார் தாயி, மெதுவாக.

"உங்கமேல என்ன தாயி கோபம்?"

"அவளுக்கு இருந்துச்சே. ஒரு விழாவுல என்னைக் கட்டிப்பிடிச்சு, 'வாம்மா என் தொண்டையே'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வீட்டுக்குப் போய் அழுதேன்."

அதீயின் குரல் கரகரப்பானது. உல்லாஸ்நகர் துணிக்கடைக்காரரின் மகள் முதல் படத்திலேயே நாடு முழுக்கத் தெரிந்த முகமானாள். ஆனால் திரையில் அவள் வாய் திறந்தால் வந்தது மந்தாதாயியின் தேன்குரல். "இந்த முகத்துக்கு அந்தக் குரலா? பான் கடைக்காரன் பேசற மாதிரி இருக்கு," என்று முதல் இயக்குநர் அவள் எதிரிலேயே சொன்னார். படங்கள் ஓடின. நவராத்திரி தாண்டியா ஆட்டங்களில் அவள் பெயரில் வளையல் விற்றார்கள். பிறகு படங்கள் வரிசையாக விழுந்தன. ராசியில்லாதவள் என்று பெயர் வந்தது. அவள் செட்டுக்குள் நுழைந்தால் எலுமிச்சம்பழம் நறுக்கிய யூனிட்டுகளும் உண்டு. கதாநாயகி அண்ணியானாள், அண்ணி சீரியல் மாமியாரானாள், கடைசியில் சூரத்தில் புடவைக் கடை ரிப்பன் வெட்டப் போனாள். அங்கேயும் ஒருத்தி கேட்டாளாம், "மேடம், உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

அதீ சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "பொறந்ததுலேந்து."

அதன்பிறகுதான் இந்தப் படம். அம்மா வேடம். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சொந்தக் குரல். டாங் தலையாட்டினார். படப்பிடிப்பு முடிந்தது. டப்பிங் தொடங்கும் முன்பே, மூளையில் ரத்தம் கசிந்து, அவள் போய்விட்டாள்.

படப்பிடிப்பின்போது பதிவான குரல் இருந்தது. பைலட் டிராக் என்பார்கள். ஜெனரேட்டர் உறுமலும் காக்கையும் இயக்குநரின் அதட்டலும் கலந்தது. டப்பிங் பேசுகிறவர் காதில் மாட்டிக் கேட்பதற்கு மட்டும்தான் ஆகும் என்றார் டாங்.

குரலை மட்டும் மாற்றினால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் வசனத்தையும் மாற்றியிருந்தார்.

வீட்டை விற்க வந்த மகனிடம் அம்மா சொல்கிறாள்: "வீடு என்னோடது. வெளிய போறது நீதான்." அந்த மகனாக நடித்தவன் டாங்கின் மகன் விக்கி. படத்தைப் போட்டுப் பார்த்தவர்கள் அந்த இடத்தில் அதீக்குக் கைதட்டினார்கள். விக்கி சுருங்கிப்போனான். இப்போது அம்மா சொல்லப்போவது: "உன் சந்தோஷம்தான் என் சந்தோஷம், மகனே."

உதடு பொருந்தாதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஷாட்டில் அதீ ஜன்னலைப் பார்த்து, கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். முதுகுக்கு எந்த வசனத்தை வேண்டுமானாலும் ஒட்டலாம். எடுத்த அன்று சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இத்தன வருஷம் இந்தத் தொழில்ல இருந்தும் ஏமாந்துட்டேன் கிஷ்ணி. 'முதுகு காட்டினா கம்பீரமா இருக்கும்'னான் டாங். என் வாயப் புடுங்கிட்டான்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவாளர் பர்ஜோர் விளக்கை அணைத்தார். திரையில் ஜன்னல். அதீயின் முதுகு. சாம்பல் நிறப் புடவை.

மந்தாதாயி பேசினார். தேன்குரல் அப்படியே இருந்தது.

பர்ஜோர் போட்டுக் காட்டினார்.

சத்தமே வரவில்லை.

"பதிவாச்சே டாங் சாஹேப். கோடு ஏறி இறங்கிச்சு, நான் பார்த்தேன்."

"கண்ணத் தொடச்சுக்கிட்டு மறுபடி எடு கிழவா."

மறுபடி எடுத்தார்கள். தாயி "உன்" என்றார். அடுத்த சொல் வரவில்லை. மைக்கைவிட்டுப் பின்னால் நகர்ந்தார், சுவரில் முட்டிக்கொள்ளும்வரை. அறையில் கிராம்பு வாசனை. ஷாட்டுக்கு முன் அதீ எப்போதும் ஒரு கிராம்பைக் கடித்துக்கொள்வாள்.

தாயி வெளியே வந்தபோது வாயைப் பொத்தியிருந்தார்.

"யாரோ கை வெச்சாங்க. என் வாய்மேல. கோபமா இல்ல. போதும்ங்கற மாதிரி."

"வயசாச்சு உங்களுக்கு," என்றார் டாங். பிறகு என் பக்கம் திரும்பினார். "கிஷ்ணிஜி, நீங்க பேசுங்களேன். ஒரே ரத்தம், ஒரே தொண்டை. அவங்க குரல்தான்னு ஊரே நம்பும்."

நான் உள்ளே போனேன். அவர் கேட்டதற்காகப் போகவில்லை. பைலட் டிராக்கில் அவள் இருக்கிறாள். ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது.

ஹெட்போனை மாட்டினேன்.

ஜெனரேட்டர். காக்கை. "ஆக்‌ஷன்!" என்று ஒரு கத்தல். பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் காக்கை. அப்புறம் ஜெனரேட்டர். கடைசியில் மூச்சு மட்டும்.

அது என்னுடைய மூச்சு இல்லை.

"கிஷ்ணி."

கையிலிருந்த வசனத்தாள் கீழே விழுந்தது.

"கிஷ்ணி, நீயும் என் வாயப் புடுங்கவா வந்த?"

"இல்ல அதீ," என்றேன், உதடு மட்டும் அசைய.

ஸ்பீக்கரில் டாங்கின் குரல்: "ரெடியா? 'உன் சந்தோஷம்'... ஆரம்பிங்க."

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"சொல்ல மாட்டேன் டாங் சாஹேப். தாயியும் சொல்ல மாட்டாங்க. இந்த ஊர்ல யாரைக் கூட்டிட்டு வந்தாலும் சொல்ல முடியாது."

"உங்க அக்காவுக்குச் சோறு போட்டவன் நான்! வீட்ல சும்மா கெடந்தவளைத் தூக்கிவிட்டவன்!"

அப்போது திரையில் புடவைத் தலைப்பு அசைந்தது.

அந்த ஷாட்டில் அவள் அசைய மாட்டாள். படம் எடுத்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன்.

முதலில் தோள். பிறகு காது, அதில் பழைய நீலக்கல் தோடு. அவசரமே இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தைப் பின்னால் விட்டுவிட்டு, அதீ திரும்பினாள்.

முழு முகமாக.

காட்சியில் எதிரே நின்ற விக்கியை அவள் பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் டாங் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"வீடு என்னோடது. வெளிய போறது நீதான்."

அந்தக் கரகரப்பு. ஒரு துளி இரைச்சல் இல்லை. ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன, என் நெஞ்செலும்பில் அதை உணர்ந்தேன்.

"பர்ஜோர், என்ன விளையாட்டு இது?" டாங்கின் குரல் கீச்சிட்டது. "நிறுத்து!"

பர்ஜோர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். "நான் எதையும் தொடல சாஹேப்."

வெளியே மந்தாதாயி கைதட்டிக்கொண்டிருந்தார். கண்ணீரோடு, தனியாக.

எடிட்டிங்கில் இருந்த பிரதியைப் பார்த்தார்கள். லேபில் இருந்ததைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவள் திரும்பியிருந்தாள். ஷாட்டையே வெட்டினார் டாங். மறுநாள் அது இருந்த இடத்திலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் அப்படியே வெளியிட்டார். பத்திரிகைகள் அந்தத் திரும்பலைப் பற்றித்தான் எழுதின. அவளுக்கு விருது வந்தது. மேடையேறி வாங்கிக்கொண்டேன். பேசச் சொன்னார்கள். மைக்கைத் தொடாமல் இறங்கிவிட்டேன். அது அவளுடையது.

போன வாரம் ஹைதராபாத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் பத்மலதா. தெலுங்குப் பதிப்பில் அம்மாவுக்குப் பேச வந்தவள்.

"மேடம், உங்க அக்கா வசனத்தை நாங்க தொடல. எடுத்துப் பார்த்தோம், முடியல. அவங்க குரலையே விட்டுட்டோம்."

"நல்லது. அப்புறம் என்ன?"

"இப்ப வேற சீன். அதுல அவங்க இல்லவே இல்ல. விக்கி சார் மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட காதல் சொல்றாரு." அவள் குரல் தணிந்தது. "நாலு பசங்க வந்து பேசிட்டாங்க மேடம். யார் பேசினாலும்... நீங்களே கேளுங்க."

போனை ஸ்பீக்கரின் பக்கம் பிடித்தாள் போலிருக்கிறது. வயலின் கேட்டது. விக்கியின் காதல் வசனம் முழுவதையும், நிறுத்தி நிதானமாக, அதீ பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை இருமினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.