ஹோரஸின் மூன்றாவது சுற்று

ரொவீனா போய்ச் சேர்ந்தபோது மிஸ் ஆர்டெல்லா வாசற்படியிலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். டெட்ராய்ட்டின் குளிர்கால மதியம். வெளிச்சம் அதற்குள் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

"கிட்டாரத் தூக்கிட்டு வெளிய நிக்காத கண்ணு. விரல் வெறச்சிடும். உள்ள வா."

உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை. அதற்கடியில் தைல நெடி. மிஸ் ஆர்டெல்லாவின் கணவர் ஹோரஸ் விட்லாக் இறந்து ஒரு வருடமாகியும் அது போகவில்லை. ஹோரஸ் ஊரறிந்த கிட்டார்காரர். அவர் வாசித்துப் பதிந்த டேப்புகள் நிலவறையில் இருந்தன. வாசிக்கிற பிள்ளைகள் யார் வந்தாலும் அங்கே உட்கார்ந்து கேட்கலாம், எழுதிக்கொள்ளலாம். டேப் மட்டும் வீட்டைத் தாண்டாது.

ரொவீனாவுக்கு அவசரம் இருந்தது. சாக்ஸபோன்காரர் லூஷியஸின் இசைக்குழு வசந்தத்தில் ஊர் ஊராக வாசிக்கக் கிளம்புகிறது. கிட்டாருக்கு ஆள் வேண்டும். ஞாயிறு மதியம் இசைக்காரர் சங்கக் கூடத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். போன முறை எல்லோர் முன்னாலும் லூஷியஸ் சொல்லியிருந்தார்: "எல்லாம் சுத்தமா வருது பொண்ணே. வீட்ட நல்லா பெருக்கி வெச்சிருக்க. உள்ளதான் யாரும் குடியில்ல."

அதற்குக் கூடமே சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது.

நிலவறையில் மிஸ் ஆர்டெல்லா ஒரு பெட்டியைத் திறந்தார். "இதுல எத வேணா எடுத்துக் கேளு. அவரும் அடுத்தவங்கள கேட்டுத்தான் கத்துக்கிட்டாரு." அடியில் கிடந்த ஒரு டேப்பைத் தொட்டார். "இது அவரு கடைசியா வாசிச்சது. கேக்கலாம், மேடையில மட்டும் வேண்டாம். அழிச்சிடுன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குத்தான் மனசு வரல."

ஏன் என்று ரொவீனா கேட்கவில்லை. அவர் படியேறியதும் முதலில் எடுத்தது அந்த டேப்பைத்தான்.

மெட்டு முழுதாக ஒருமுறை வந்து முடிந்தால் ஒரு சுற்று. முதல் இரண்டு சுற்றுகள் ஹோரஸின் வழக்கமான வாசிப்பு. மூன்றாவது சுற்றில் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். வரி உச்சிக்கு ஏறுகிற இடத்தில் சட்டென்று ஒன்றுமில்லை. வெறும் மௌனம். பிறகு அடுத்த வரி. மறுபடி ஏற்றம், மறுபடி மௌனம். இப்படி ஒரு துணிச்சலை அவள் கேட்டதே இல்லை.

இயந்திரத்தைப் பாதி வேகத்தில் வைத்தாள். வேகமான வாசிப்பைப் பிடிக்க எல்லோரும் செய்வதுதான். வேகம் பாதியாகும்போது ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும். ஹோரஸின் கிட்டார் மாடு முனகுவதுபோல் ஆனது. தரையில் தாளம் தட்டிய அவர் கால், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. அவள் ஒரு வரியைக் கேட்டு, வாயால் பாடி, பிறகு தந்தியில் தேடினாள். வரி வரியாகத் தாளில் ஏறியது.

மௌனங்களில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. வாசிப்பவரின் மூச்சு டேப்பில் விழுவது சகஜம். அவள் பொருட்படுத்தவில்லை.

சரிபார்க்க முழு வேகத்துக்கு மாற்றினாள். கிட்டார் மேலே ஏறியது. கால் வேகமாகத் தட்டியது.

மூச்சு மாறவில்லை.

மறுபடி பாதி வேகம். கிட்டார் இறங்கியது, கால் தளர்ந்தது. மூச்சு அதே நிதானத்தில், அதே உயரத்தில்.

டேப்பில் இருக்கும் எதுவும் அப்படி இருக்க முடியாது.

இயந்திரத்தை நிறுத்தினாள்.

மூச்சு நிற்கவில்லை. அவள் இடது தோளுக்குப் பின்னால் இரண்டு முறை வந்தது. பிறகு அடங்கியது.

அப்போதே அவள் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனாலும் கடைசி மௌனம் எத்தனை தட்டு என்று அவள் இன்னும் எண்ணியிருக்கவில்லை. டேப்பைப் பின்னுக்கு ஓட்டினாள்.

ஞாயிறு மதியம் கூடத்தில் வறுத்த மீன் மணந்தது. தேவாலயத் தொப்பிகளோடு பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் மிஸ் ஆர்டெல்லாவும் ஒருவர்.

"வந்துட்டாங்கப்பா, வீடு பெருக்குறவங்க!" ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து பெர்னெல் கூவினார்.

முதல் சுற்று அவளுடையது. இரண்டாவது சுற்றின் பாதியில் எல்லாம் வற்றியது. மூன்றாவதில் கை தானாக ஹோரஸிடம் போனது. தானாக என்பது பொய். அவள்தான் போனாள்.

ஏற்றம். மௌனம்.

"ஆமா! விடுங்கப்பா, பொண்ணு பேசட்டும்!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அடுத்த மௌனத்தில் கூடமே மூச்சடக்கிக் காத்திருந்தது. கடைசி ஸ்வரம் அடங்கியதும் கைதட்டல் எழுந்தது. லூஷியஸ் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அது எங்கேருந்து வந்துச்சும்மா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தானா வந்துச்சு."

கைதட்டல் நின்றது. பெர்னெல் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"தானா," என்றார் லூஷியஸ். "அந்தக் கைய இந்த ஊர்ல தெரியாதவன் யாரும்மா? அடுத்தவன் வாசிச்சத வாசிக்கிறது தப்பில்ல, நாங்களும் செஞ்சதுதான். பேரச் சொல்லணும். சொல்லுவன்னுதான் கேட்டேன். சொல்லியிருந்தா குழுவுல எடம் உனக்குத்தான்."

ரொவீனா முன்வரிசையைப் பார்த்தாள். மிஸ் ஆர்டெல்லா எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். மேடையருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"நீ நெனச்ச மாதிரி அது ஸ்டைல் இல்ல கண்ணு. அன்னிக்கு அவருக்கு ரெண்டு விரல் செத்துப்போச்சு. அழுத்துறாரு, எறங்க மாட்டேங்குது. அழுதுகிட்டே வாசிச்சாரு. அதுக்குத்தான் கைதட்டு வாங்கியிருக்க."

கிட்டாரின் ஒயரைப் பிடுங்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே பிடுங்கினாள். அப்போதுதான் தெரிந்தது, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. கிள்ளிப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ கிள்ளியது போலிருந்தது.

மறுநாள் கிட்டார் இல்லாமல் மிஸ் ஆர்டெல்லாவின் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைக் கதவு திறந்ததும் சொல்லத் தொடங்கினாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம்," என்றார் அவர். "அவரு சொன்னத நான் செய்யல. நீ எழுதி வெச்சது இருந்தா அடுப்புல போடு. கீழ போயி அந்த டேப்ப அழி."

மேலங்கிப் பையிலிருந்த தாள் அடுப்பில் எரிந்தது. அவள் நிலவறைக்கு இறங்கினாள். மைக் இல்லாமல் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மேசையருகே உட்கார்ந்தாள். சுருள் சுற்றியது. வெறுமை பழைய வாசிப்பின் மேல் ஏறிக்கொண்டே போனது. முதல் சுற்று போயிருக்கும். இரண்டாவது போயிருக்கும்.

மேலே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ரொவீனா?"

"அழிஞ்சிட்டிருக்கு, மிஸ் ஆர்டெல்லா."

காலடிகள் படிக்கட்டின் உச்சி வரை வந்தன.

"வாசிக்கிறத நிறுத்திடாத." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "அந்த மௌனம் வர்ற எடம்... அவரு வாசிக்க நெனச்சது இதுதான். முடியாமப் போச்சு. சமையக்கட்டுல பாடிக் காட்டினாரு. என்னத் தவிர யாருமே கேட்டதில்ல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

என் கையில் கிட்டாரே இல்லை என்று சொல்ல ரொவீனா வாயைத் திறந்தாள்.

மேலே மிஸ் ஆர்டெல்லாவின் கால் மரப்படியில் தாளம் தட்டத் தொடங்கியது. அவர் அழுதுகொண்டிருந்தார். சிரிப்பதுபோலவும் இருந்தது.

ரொவீனா கீழே பார்த்தாள். மேசை விளிம்பில் அவளுடைய இரண்டு செத்த விரல்களும் அழுத்தி எழுந்தன. மறுபடி அழுத்தின. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் தவறாமல்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

சுருள் சுற்றும் சத்தம். மேலே தட்டும் கால். மிஸ் ஆர்டெல்லாவுக்குக் கேட்ட வாசிப்பில் ஒரு ஸ்வரம்கூட அவளுக்குக் கேட்கவில்லை.