ஐந்தாண்டுக்குக் குறையாத பொம்மை

உணர்தொப்பி மாட்டியிருந்த குழந்தை மரக்குதிரையின் காதை ஒருமுறை கடித்துப் பார்த்தது. அவ்வளவுதான். சுவர்த்திரையில் 'ஒன்பது ஆண்டுகள்' என்று பச்சை எழுத்து விழுந்தது.

"ஒம்பதுங்களா?" குழந்தையின் அப்பா நம்பாமல் பார்த்தார். "அப்ப பன்னெண்டு வயசு ஆயிருமேங்க. அந்த வயசுப் பையன் மரக்குதிரையில ஏறுவானுங்களா?"

"முதல்ல ஏறுவான். அப்புறம் கழட்டிப் பார்ப்பான். அதுக்கப்புறம் அதுக்குச் சக்கரம் வெச்சு, மோட்டார் வெச்சு, என்னென்னமோ பண்ணுவான். எல்லாத்தையும் சேர்த்துத்தான் மெஷின் சொல்லுதுங்க. தைரியமா வாங்கிக் குடுங்க," என்றாள் தில்லைநாயகி.

அவள் சொன்னால் கோயம்புத்தூரே கேட்கும். நீடிப்புமானியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு பொருளைத் தொட்டதும் குழந்தையின் மூளையில் எழும் மின் அலைகளை உணர்தொப்பி வாங்கிக்கொள்ளும். அந்தப் பொருளை அந்தக் குழந்தை எவ்வளவு காலம் விரும்பும் என்பதை நீடிப்புமானி அதிலிருந்து கணித்துவிடும். அதுவரை மக்கள் பெட்டியின் மேல் அச்சிட்ட வயதைப் பார்த்தோ, விளம்பரத்தைப் பார்த்தோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்தோதான் பொம்மை வாங்கினார்கள். ஒரு வாரம் விளையாடிவிட்டு எறிந்த பொம்மைகள் ஊர்களுக்கு வெளியே குன்று குன்றாகக் குவிந்தன. கடைசியில் நீள்விளையாட்டுச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்குக் குறைவாகக் கணிக்கப்பட்ட எந்தப் பொருளையும் குழந்தைகளின் விளையாட்டுக்குக் கொடுக்கக் கூடாது; அதன்மேல் தடை முத்திரை ஒட்டப்படும். எந்தப் பெற்றோரும் எந்தப் பொருளையும் நீடிப்புமானி இருக்கும் தேர்வகத்துக்குக் கொண்டுவந்து அளக்கச் சொல்லலாம்; தேர்வகம் மறுக்கக் கூடாது.

சட்டம் வந்தபின் குன்றுகள் மறைந்தன. வீடுகள் விசாலமாயின. நீடிப்புமானி ஒருமுறைகூடத் தவறவில்லை.

தில்லைநாயகியின் மகள் கயல்மொழிக்கு ஏழு வயது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு விளையாட்டுப் பொருள். காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மரத்துண்டுகள் கொண்ட கட்டுமானப் பெட்டி அது. பள்ளி விட்டு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டாள். அழுகை கிடையாது, அடம் கிடையாது. அம்மாவுக்கு அதில் பெருமை.

எதிர்வீட்டுக்குக் கீழக்கரையிலிருந்து ஷமீமா குடிவந்தாள். அவள் மகன் ரிஸ்வானுக்கு எட்டு வயது. அவனுடைய பொருள் ஒரு தொலைநோக்கி. அறிமுகமான முதல் மாலையே இரு பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் விளையாட விட்டார்கள். கயல்மொழி மூலையில் கோபுரம் கட்டினாள். ரிஸ்வான் சன்னலோரம் நின்று எதிர்க்கட்டடத்துக் காக்கைக் கூட்டைப் பார்த்தான். ஒரு மணி நேரமாகியும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னக்கா, ரெண்டு புள்ளைங்க இருக்குற வீடு மாதிரியே இல்ல. ஒரு சத்தத்தக் காணோமே," என்றாள் ஷமீமா.

"அதாங்க வேணும். எவ்வளவு நிம்மதி பாருங்க," என்றாள் தில்லைநாயகி.

ஷமீமா சிரித்தாள். ஆனாலும் பிள்ளைகள் இருந்த பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் கீழே தள்ளுவண்டியில் கறிவேப்பிலை வாங்கிவரப் பிள்ளைகள் இருவரையும் அனுப்பினார்கள். திரும்பி வரும்போது மின்சாரம் போய், லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. தாய்மார் இருவரும் படிக்கட்டில் ஏறி இறங்கி, ஒவ்வொரு தளத்துக் கதவையும் தட்டிக் கூப்பிட்டார்கள். பழுதுபார்ப்பவர் வந்து கதவை நெம்பித் திறப்பதற்குள் ஷமீமாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து கூச்சல்தான் முதலில் வெளியே வந்தது.

"நீ செருப்பத் தூக்கிப் பாத்துட்ட! ஏமாத்துற!"

"நான் ஒண்ணும் பாக்கல. நீதான் எலையக் கிழிச்சு ரெண்டாக்குன!"

அவசர விளக்கின் வெளிச்சத்தில் தரையெல்லாம் கறிவேப்பிலை. ஒருவர் செருப்புக்கடியில் இலைகளை ஒளிப்பது, மற்றவர் எத்தனை என்று சொல்வது, தப்பாகச் சொன்னால் ஒரு செருப்பை இழப்பது என்று விளையாட்டு. கயல்மொழி வெறுங்காலோடு நின்றாள். அவள் முகம் சிவந்து, தலை கலைந்து, கண் மின்னியது. மகளை இப்படி ஒரு கோலத்தில் தில்லைநாயகி பார்த்ததே இல்லை.

"ஒம் பேச்சு காய்!" என்று ரிஸ்வானிடம் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் ஓடினாள். மறுநாள் பள்ளி விட்டதும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அன்றிலிருந்து கட்டுமானப் பெட்டி திறக்கப்படவில்லை. இலை விளையாட்டு அடுத்த நாளே பொத்தான் விளையாட்டானது. அது படிக்கட்டில் ஒற்றைக்காலால் ஏறும் பந்தயமானது. அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு யார் வீட்டுக் குழம்பு என்று வாசனையிலேயே கண்டுபிடிக்கும் போட்டி. நாள்தோறும் சண்டை, நாள்தோறும் காய், நாள்தோறும் பழம்.

தில்லைநாயகிக்கு இது மகிழ்ச்சியாகவும் இருந்தது, குறுகுறுப்பாகவும் இருந்தது. அவள் கணிப்புப்படி அந்தப் பெட்டியை மகள் இன்னும் பல ஆண்டு விரும்ப வேண்டும். பிள்ளைகள் இருவரையும் தேர்வகத்துக்கு அழைத்துப்போய்த் தொப்பி மாட்டினாள். முதலில் பெட்டியைத் தொடச் சொன்னாள். எட்டு ஆண்டுகள்; பழைய கணிப்பு மாறவேயில்லை. பிறகு அன்றைய விளையாட்டை விளையாடச் சொன்னாள். திரையில் சிவப்பெழுத்து விழுந்தது: 'ஒரு நாள்.'

மெஷின் சரியாகத்தான் சொன்னது. மறுநாள் அந்த விளையாட்டு இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒருநாள்தான், ஆனால் விளையாட்டு மட்டும் மாதக்கணக்கில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அவள் இதைத் தேர்வக இயக்குநர் காசிலிங்கத்திடம் சொன்னாள். "பொருள் நீடிக்கறதத்தான் சார் நாம அளந்தோம். இந்தப் பிள்ளைங்ககிட்டப் பொருள் நீடிக்கல. எதிர்ல இருக்கற ஆளு நீடிக்கறாங்க."

காசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஆளையே அளந்துறலாமேங்க மேடம்! எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிள்ளை சரியா வரும்னு சொன்னா, சனம் வாசல்ல வந்து நிக்கும்."

முடியுமா என்று அவர் கேட்கவில்லை. அவளும் முடியாது என்று நினைக்கவில்லை. இரண்டு தொப்பிகளையும் ஒரே கணிப்பில் இணைத்துச் சில வாரங்களில் நட்புக் கணிப்பைத் தயாராக்கினாள். முதலில் யாரை அளப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கயல்மொழியும் ரிஸ்வானும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பத்தாண்டாவது வரும் என்று எதிர்பார்த்தாள்.

'பத்து நாள்கள்' என்றது திரை.

பிள்ளைகளும் அதைப் படித்தார்கள். மறுநாள் கயல்மொழி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ரிஸ்வான் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

"அம்மா, மெஷின் தப்பாச் சொல்லாதுன்னு நீதான சொன்ன?" என்றாள் கயல்மொழி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். தில்லைநாயகி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

ஷமீமா கதவைத் திறந்தாள். "வாங்கக்கா. ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடக்கூட மாட்டேங்கிறான். நீங்க படிச்சவங்க, ஒங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா பச்சப்புள்ளைங்க கண்ணு முன்னாடியா அத எழுதிக் காட்டணும்?"

"நான் செஞ்சது தப்புதாங்க," என்றாள் தில்லைநாயகி.

உள்ளேயிருந்து ரிஸ்வானின் குரல் கேட்டது. "பத்து நாள்ல முடியப்போறதுக்கு எதுக்கு வெளையாடணும்? இப்பவே காய் விட்டுறலாம்."

கயல்மொழி கொஞ்சம் யோசித்தாள். "டேய், அன்னைக்குப் பத்துன்னுச்சு. இன்னைக்கு என்ன சொல்லுதுன்னு பாத்தியா?"

அவன் வாசலுக்கு வந்தான். "இன்னைக்கு எட்டா இருக்கும்."

"இருக்காது. பந்தயம்?"

தேர்வகத்துக்கு நால்வருமாகப் போனார்கள். வண்டியில் சன்னலோரம் யாருக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடந்தது. கோபம் தணியாமல் தொப்பி மாட்டிக்கொண்டார்கள். 'நாற்பது நாள்கள்' என்றது திரை. ஷமீமா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சண்ட போட்டா ஏறுதுடி!" என்று ரிஸ்வான் கத்தினான். கயல்மொழி உடனே அவன் காலை மிதித்தாள். இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். 'இரண்டு நாள்கள்.' "இல்ல, எறங்குது! திரும்ப வை, திரும்ப வை!"

அன்று தேர்வகம் மூடும்வரை அவர்கள் எழவில்லை. கணிப்பை ஏற்ற ஒரு வழி, இறக்க ஒரு வழி, மெஷினைத் திணறடிக்க ஒரு வழி என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். மரக்குதிரைக்கும் கட்டுமானப் பெட்டிக்கும் வந்திருந்த பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். மறுநாள் அவர்களும் கூட்டாளிகளோடு வந்தார்கள். ஒரே வாரத்தில் தேர்வகக் கூடம் பள்ளிக்கூட மைதானம்போல ஆயிற்று. தள்ளுமுள்ளு, அழுகை, சிரிப்பு. வரிசையில் முந்தியவர் யார் என்று பஞ்சாயத்து.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு தாய் இயக்குநரின் அறைக்குள் வந்தாள். "ஏனுங்க சார், எம் பொண்ணு வீட்டுல இருக்கற பொம்மையத் தொடறதேயில்லைங்க. உங்க மெஷின்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. இத எத்தன வருசம் வெளையாடுவான்னு அளந்து சொல்லுங்க."

காசிலிங்கம் சிரித்துக்கொண்டே தில்லைநாயகியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சட்டப்படி, கேட்டால் அளந்தாக வேண்டும். பக்கத்து அறையிலிருந்த இரண்டாவது நீடிப்புமானியை வரவழைத்து, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த முதல் நீடிப்புமானியை அதன் முன்னால் விளையாட்டுப் பொருளாக வைத்தாள். சில பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகத் தொப்பி மாட்டினாள். எல்லாருக்கும் ஒரே சிவப்பெழுத்துதான்: 'மூன்று நாள்கள்.'

காசிலிங்கத்தின் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்தினார். "இது தப்பா இருக்குமுங்க மேடம்."

"தப்புன்னா, இதுவரைக்கும் நாம குடுத்த எல்லாப் பொம்மையையும் திரும்ப அளக்கணும் சார்."

"சரின்னா?"

"ஐந்தாண்டுக்குக் குறைஞ்ச பொருள். பிள்ளைங்க கையில இருக்கக் கூடாது. பிள்ளைங்க கை படாத நீடிப்புமானியால எதை அளக்கறது?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஒங்க கண்டுபிடிப்பு. நீங்க என்ன சொல்றீங்க?"

"அது சரியாத்தான் சொல்லும் சார்," என்றாள் அவள், சற்றும் தயங்காமல். "மூணு நாள் பொறுங்க, பாக்கலாம்."

இரண்டாம் நாளே கூட்டம் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் சிலர் வந்து, இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். நான்காம் நாள் கூடத்தில் ஒருவரும் இல்லை. தெருவிலிருந்து மட்டும் பெருங்கூச்சல் கேட்டது. யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்த பிள்ளைகள் மண்ணால் அணை கட்டிக்கொண்டும், எதிர்க்கட்சியின் அணையை உடைத்துக்கொண்டும் இருந்தார்கள். நடுவில் தலையிலிருந்து கால்வரை சேறாக நின்று கயல்மொழி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

காசிலிங்கம் வெறுமையான கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்! மூணு நாள்னா மூணே நாள்! நம்ம மெஷின் தப்பவே இல்லைங்க!"

"இல்லைங்க சார். தப்பவே இல்ல," என்று சொல்லி, தில்லைநாயகி நீடிப்புமானியின் மேல் தடை முத்திரையை ஒட்டினாள்.