குளிர்ந்த முட்டை

முட்டை சில்லென்று இருந்தது. எரிமலை அடிவாரத்துக் கருமணல் செருப்பையும் மீறிப் பாதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டை நம்பித்தான் காட்டுக்கோழிகள் அங்கே முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும். ஆனால் தம்பி தோலிமான் தலைகுப்புற இறங்கியிருந்த குழிக்குள்ளிருந்து இடுப்போரமாகப் பின்னால் நீட்டிய முட்டை ஆற்றடியில் கிடந்த கல்லைப் போலிருந்தது. இயாவைரா ஒரு கையால் அவன் கணுக்கால்களைப் பிடித்தபடி அதைக் கூடையில் வைத்துவிட்டு விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

போன வருடம் இதே சரிவு இடிந்துதான் அவள் புருஷன் தோகுனாவை மூடியது. தலைகுப்புற இறங்குபவனின் கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அன்று அவன் தனியாக வந்திருந்தான். எவ்வளவு தோண்டியும் உடல் கிடைக்கவில்லை. ஊர் அந்த இடத்தை ஒதுக்கியது. அவள் ஒதுக்கவில்லை.

"அங்கயா போறே? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று காலையில் கரையில் பெண்கள் கேட்டார்கள்.

"என் ஆளைத் தின்ன மண்ணு. எனக்கு நாலு முட்டையாவது குடுக்கட்டும்" என்று படகைத் தள்ளினாள்.

இப்போது மலையின் நிழல் விரிகுடாவைப் பாதி மூடியிருந்தது. கந்தக வாடை தொண்டையில் கரித்தது. பறவைகள் எப்போது அடங்கின என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு முட்டை வந்தது. இன்னொன்று. எல்லாம் குளிர்ந்தவை.

"டேய், தோண்டற சத்தமே காணோமே."

"நான் தோண்டலக்கா." குரல் மண்ணுக்குள் அமுங்கி வந்தது. "கையை நீட்டினா வைக்கறாங்க."

"விளையாடாதே. வெளிய வா."

அவள் கூடையைத் தள்ளிவிட்டு இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"கையை விட மாட்டேங்கறாங்க."

கணுக்கால்கள் அவள் பிடியில் வழுக்கின. அவன் கால்கள் முழங்கால் வரை உள்ளே போயின. அவள் குதிகாலை மணலில் ஊன்றினாள்.

"ஒருத்தரை எடுத்துக்கிட்டது போதும்," என்றாள் குழியைப் பார்த்து. "இவனைத் தர மாட்டேன்."

இழுத்தாள். இடுப்பு வந்தது. முதுகு வந்தது. மணலைத் துப்பியபடி தலை வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

அதைப் பற்றியபடி இன்னொரு கை வந்தது.

பிளந்த கட்டைவிரல் நகம். தோகுனாவின் கை.

"அக்கா, போயிடலாம். அந்தக் கையை வெட்டி விட்டுடு."

"விட மாட்டேன்."

அந்தக் குளிர்ந்த கையையும் பிடித்தாள். முழங்கை வந்தது. தோள். மணல் ஒழுகும் வாய். கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவனுடைய மறுகை பின்னால், ஆழத்துக்குள் நீண்டிருந்தது.

அதை ஒரு கை பிடித்திருந்தது.

அந்தக் கையை இன்னொரு கை.

அவள் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். மலை உச்சியிலிருந்து கடல் விளிம்பு வரை, சரிவு முழுவதும், கருமணல் கைகோத்த ஆட்களின் வடிவில் வரிவரியாகப் புடைத்து எழுந்துகொண்டிருந்தது.