பின்னால சூடு

அந்தக் காபிக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பின்கதவு வழியாக உள்ளே வந்து, ஈரக் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சுவிட்சைத் தேடித் தடவினாள்.

இருட்டில் முதலில் வந்து முகத்தில் மோதியது வாசனைதான். வறுத்த காபிக்கொட்டை, ஈரத்துணி, அடிபிடித்த பால். கடைசி வாசனை மட்டும் அவளை உறுத்தியது. நேற்று முழுக்கப் பூட்டிக் கிடந்த கடையில் பால் எப்படித் தீயும்?

விளக்கு எரிந்தது. கவுண்டர் துடைத்துக் கிடந்தது. பெரிய காபி மெஷின் எஃகு உடம்போடு கண்ணாடிபோல் பளபளத்தது. எங்கேயும் ஒரு சொட்டுப் பால் இல்லை.

பழைய கடையில் அவளை எல்லோரும் 'நுரை' என்று கூப்பிடுவார்கள். பாலில் அவள் எழுப்பும் நுரை பட்டுப்போல் இருக்கும் என்பது ஒரு காரணம். சின்ன விஷயத்துக்கும் பொங்கி, அடுத்த நொடியே அடங்கிவிடுவாள் என்பது இன்னொன்று. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெஷினைப் போடுவதற்கு முன் கண்ணை மூடி, "சாமி, இன்னிக்கு யார் மனசும் என் கையால கசக்க வேண்டாம்" என்று வேண்டிக்கொள்வாள். அன்றும் வேண்டிக்கொண்டு, கொட்டை அரைக்கத் தொடங்கினாள்.

"பின்னால சூடு."

ஒரு பெண் குரல். மெல்லிசாக, காதுக்கு மிக அருகில்.

காபிக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். கவுண்டருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருக்கும். கொதிக்கிற ஜக்கோடு ஒருவர் பின்னால் கடக்கும்போது "பின்னால சூடு" என்று சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவர் "சரி" என்று சொல்லி ஒதுங்க வேண்டும். அந்தப் பதில் வராமல் யாரும் அடியெடுத்து வைக்கக் கூடாது.

"சரிக்கா" என்றாள் நுரை பழக்கதோஷத்தில். வயிற்றைக் கவுண்டரோடு ஒட்டி வழிவிட்டாள்.

பிடரியில் அனலாக ஒன்று தடவிக்கொண்டு போனது.

திரும்பினாள்.

யாரும் இல்லை.

முன்கதவில் சாவி திரும்பியது. கல்லாவில் உட்காரும் அக்கா அப்போதுதான் குடையை உதறியபடி உள்ளே வந்தாள். "யாருகிட்டம்மா பேசிட்டிருக்க?"

"உங்களுக்கு முன்னாடியே ஒருத்தங்க வந்திருக்காங்களேக்கா. பின்னால சூடுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

கல்லா அக்காவின் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை.

"அந்த வார்த்தைய இங்க சொல்லாத" என்றாள் அடிக்குரலில். "சாருக்குப் பிடிக்காது."

சார் என்பது மேனேஜர். கசங்காத சட்டையும் கசங்காத முகமுமாக வந்தார். வந்ததும் நுரையை நிற்க வைத்துப் பேசினார்.

"இது சந்தை இல்லம்மா. கஸ்டமர் இங்க அமைதிக்காகத்தான் வர்றாங்க. பின்னால சூடு, முன்னால சூடுன்னு கூவுறதெல்லாம் உன் பழைய கடையோட போகட்டும். சத்தமில்லாம வேலை பாரு."

"சூடு படுமே சார்?"

"கண்ணு எதுக்கு இருக்கு?"

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள். வேலை அவளுக்கு வேண்டியிருந்தது.

வேலை என்னவோ எல்லாக் கடையையும் போலத்தான் இருந்தது. ஒரு நாள் கை சொன்னபடி கேட்கும். கோப்பையில் இலை வரைந்தால் இலை வரும். மறுநாள் அதே கை, அதே பால், இலைக்குப் பதில் வெங்காயம் வரும். "சர்க்கரையே வேண்டாம்" என்று வாங்கிப்போனவர் திரும்பி வந்து "இனிப்பே இல்லையே" என்பார். தினமும் வரும் ஒரு வக்கீல், "நுரை கம்மி" என்று கோப்பையை நீட்டுவார். "நுரை நான்தான் சார், இன்னும் என்னத்தைக் கொட்டறது" என்று ஒருநாள் அவள் சொல்ல, மனிதர் சிரித்தே விட்டார். அதற்குப் பிறகு அவர் குறை சொல்வதில்லை. மணிக்கட்டு வலிக்கும். கால் மரத்துப்போகும். யாராவது ஒருவர் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினால், அந்த வலி எல்லாம் போன இடம் தெரியாது.

மூலை மேஜையில் தினமும் ஒரு வயதான அம்மா வந்து உட்காருவார். எதுவும் கேட்கமாட்டார். மேனேஜர் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்தம்மாவுக்கு எதுவும் கொடுக்காத" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "தானா எழுந்து போகட்டும்."

நுரைக்கு அது மட்டும் முடியவில்லை. தன் பங்குக்குக் கிடைக்கும் காபியைக் குடிக்காமல், அதற்குப் பதில் ஒரு கோப்பை பாலைச் சூடாக்கி, மேஜை துடைக்கிற சாக்கில் கொண்டுபோய் வைத்தாள்.

அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணும் இப்படித்தான் கொடுப்பா" என்றார்.

அன்று கிடங்கறையில் கல்லா அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு முன்னாடி அந்த மெஷின்ல நின்னவ அந்தம்மா பொண்ணு. நாங்க அவளைச் சத்தக்காரின்னு கூப்பிடுவோம். பச்சத்தண்ணிய எடுத்துட்டுப் போனாக்கூட பின்னால சூடுன்னு கத்துவா. யாருக்கும் ஒரு பொட்டு காயம் படக்கூடாதுன்னு அப்படி ஒரு பயம் அவளுக்கு. இவரு வந்தாரு, கத்தக் கூடாதுன்னாரு. ஒருநாள் நல்ல கூட்டம். இவரே ஒரு கெட்டில் நிறைய வெந்நீரைத் தூக்கிட்டு அவ பின்னால வந்தாரு. வாயத் திறக்கல."

கல்லா அக்கா தன் கழுத்தைத் தொட்டுக்காட்டினாள். "இங்கேர்ந்து இடுப்பு வரைக்கும்."

"ஐயோ. உடனே தண்ணி ஊத்தலையா?"

"கஸ்டமர் பாக்கறாங்கன்னு இந்த ரூம்ல தள்ளிக் கதவைச் சாத்திட்டாரு. கூட்டம் குறைஞ்ச பிறகுதான் ஆஸ்பத்திரி. காயத்துல விஷம் ஏறிப் போய்ச் சேந்துட்டா. கேட்டவங்களுக்கு எல்லாம், அவ பாக்காம திரும்பினா, அவ தப்புன்னு சொல்லிட்டாரு."

"நீங்க?"

"நான் எதையும் பாக்கலன்னு சொன்னேன்." கல்லா அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் வயிறு இருக்கே."

"அந்தம்மா எதுக்கு வர்றாங்க?"

"வேற எதுவும் வேண்டாமாம். எம்பொண்ணு மேல தப்பில்லன்னு அவர் வாயால ஒருதரம் சொன்னாப் போதுமாம்."

மறுநாள் விடியலில் நுரை தனியாக இருந்தாள். மெஷின் கொதித்து அடங்கியிருந்தது. நீராவிக் குழாயை அவள் தொடவில்லை. அது தானாகச் சீறியது. ஒரே ஒரு முறை.

அடிபிடித்த பால் வாசனை மெதுவாக எழுந்தது.

மெஷினின் எஃகு முகத்தில் அவள் உருவம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் தெரிந்தது. உயர்த்திக் கட்டிய கூந்தல். கழுத்தோடு ஒட்டிப்போன ஈர ஏப்ரன். இரண்டு கையிலும் ஏந்திய ஜக்கு.

"பின்னால சூடு."

"சரிக்கா." நுரை ஒதுங்கினாள். எஃகில் தெரிந்த உருவம் மட்டும் நகரவில்லை.

"அக்கா," என்றாள். "உங்கம்மாவுக்கு நான் தினமும் பால் கொடுக்கறேன். அவங்கள நான் பாத்துக்கறேன். யாரையும் சுட்டுடாதீங்க."

எஃகின் மேல் ஆவி படர்ந்து உருவம் மங்கியது. மங்கிய இடத்திலிருந்து குரல் வந்தது.

"அவர் சொல்லட்டும்."

அன்று முதல் மேனேஜரைச் சுற்றி எதுவும் ஆறவில்லை. அவருக்கு வைத்த காபி எத்தனை நேரமானாலும் கொதித்தபடியே இருந்தது. அவர் தொட்ட கதவுப்பிடி அவர் கையில் மட்டும் சுட்டது. சட்டைக் காலருக்குக் கீழே சிவந்து தடித்தது. "வேர்க்குரு" என்று சொல்லிப் பவுடர் போட்டுக்கொண்டார்.

நுரை அவர் அறைக்குப் போனாள். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"என்ன சொல்லணும்?"

"நீங்க சொல்லாம வந்தீங்கன்னு."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "வேலை பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு சார்."

"அப்ப போய்ப் பாலைக் காய்ச்சு."

அவர் பின்னாலிருந்த சுவரில், தலைக்குச் சரியாக மேலே, ஈரம் ஊறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

ஒரு காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் கடையைப் பார்க்க வந்தார்கள். நல்ல வெயில். கடை நிறைந்திருந்தது. மேனேஜர் மூலை மேஜைக்குப் போய்க் குனிந்து, சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துச் சொன்னார்.

"எழுந்து போம்மா. பெரியவங்க வந்திருக்காங்க."

"ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, போயிடறேன். எம்பொண்ணு கவனமில்லாதவ இல்லைன்னு சொல்லுங்க."

"உன் பொண்ணுக்குக் கண்ணு தெரியல. அவ தப்பு அது. எத்தன தரம் சொல்றது?"

மெஷினின் சத்தம் நின்றது. அரைக்கும் இயந்திரம் நின்றது. யாரும் எதையும் அணைக்கவில்லை.

மேனேஜர் நிமிர்ந்து கவுண்டருக்குள் வந்தார். வந்தவர்களுக்குத் தானே காபி போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். கெட்டிலில் தளதளவென்று வெந்நீரை நிரப்பிக் கையில் எடுத்தார்.

அப்போது கடை முழுக்கக் கேட்டது. இந்த முறை கிசுகிசுப்பு இல்லை. மணி அடித்தாற்போல் கணீரென்ற குரல்.

"பின்னால சூடு."

வக்கீல் தலை நிமிர்ந்தார். மூலையில் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். பெற்றவளுக்குக் குரல் தெரியாதா?

"யாரது கத்தறது?" என்றார் மேனேஜர், திரும்பாமல்.

"சார், சரின்னு சொல்லுங்க," என்றாள் நுரை. "ஒதுங்குங்க சார், கும்பிட்டுக் கேக்கறேன்."

"பின்னால சூடு."

"கத்தக் கூடாதுன்னு..."

அவர் முடிக்கவில்லை.

அவர் பின்னால் யாரும் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அவர் காலரிலிருந்து ஆவி எழுந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை சட்டை ஒரே நொடியில் நனைந்து முதுகோடு ஒட்டியது. அவர் போட்ட அலறலில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

அவர் கையிலிருந்த கெட்டிலில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

நுரைதான் முதலில் ஓடினாள். அவரைத் தொட்டிக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து, பச்சைத்தண்ணீரை விடாமல் ஊற்றினாள். சத்தக்காரிக்குக் கிடைக்காத தண்ணீர் அது. "சாமி, போதும். அக்கா, போதும்" என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கல்லாப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. கல்லா அக்கா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவள் கண்கள் நிலைகுத்தி இருந்தன. "எம் பின்னால நிக்கறா," என்றாள். "சுடுது."

"பதில் சொல்லுங்கக்கா," என்றாள் நுரை. "உங்ககிட்டதான் பதில் இருக்கு."

கல்லா அக்கா தள்ளாடி நடந்தாள். மூலை மேஜையின் முன் போய் நின்றாள். கடையே கேட்கும்படி சொன்னாள்.

"நான் பாத்தேம்மா. அவருதான் சொல்லாம வந்தாரு. உங்க பொண்ணு மேல தப்பில்ல. கதவைச் சாத்தினதும் அவருதான். பாத்துட்டுப் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க."

அம்மா அவளை அடிக்கவில்லை. திட்டவுமில்லை. அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியது. அடிபிடித்த பால் வாசனை போய்விட்டது.

மேனேஜர் பிழைத்துக்கொண்டார். நுரை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். மனிதர் கட்டிலில் குப்புறக் கிடந்தார். ஆயா வந்தாலும், டாக்டர் வந்தாலும், காற்றில் திரை அசைந்தாலும் அவர் வாய் ஒரே வார்த்தையைச் சொன்னது. "சரி... சரி... ஒதுங்கிட்டேன்." அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. நுரை ஆரஞ்சை உரித்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். சாப்பிட்டாரா என்று தெரியாது.

கடையில் இப்போது எல்லோரும் அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். கஸ்டமர்களுக்கும் பழகிவிட்டது. வக்கீல்கூட நடைபாதையில் யாரையாவது தாண்டும்போது "பின்னால சூடு" என்று கேலியாகச் சொல்வார். மூலை மேஜைக்குக் காலையில் ஒரு கோப்பை பால் போகிறது. யாரும் தடுப்பதில்லை.

சென்ற வாரம் புது மேனேஜர் வந்தார். சின்ன வயது. நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். கவுண்டருக்குள் வந்து நின்று, எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

"நல்லா வேலை செய்யறீங்க. ஒண்ணே ஒண்ணுதான். இந்தச் சத்தம் போடறது வேண்டாமே. கேக்க நல்லால்ல."

யாரும் தொடாத நீராவிக் குழாய் ஒரே ஒரு முறை சீறியது.

நுரை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மெஷினின் எஃகு முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. அடிபிடித்த பால் வாசனை வந்துவிட்டது. புது மேனேஜரின் வெள்ளைக் காலரில், பின்பக்கம், ஈரம் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

"சார்," என்றாள் மிக மெதுவாக. "திரும்பாதீங்க. முதல்ல சரின்னு சொல்லுங்க."