கீழ்த்தளத்தில் ஏழு பேர்

ஏணியின் கைப்பிடி ஈரமாக இருந்தது.

வில்டா கையை எடுத்துப் பார்த்தாள். ஜூலை மாதத்து மத்தியான வெயிலில் மேல்தளத்துக் கம்பிகளைத் தொட்டால் தோல் பொத்துப்போகும். ஒரு நிமிடம் முன்னால்தான் அப்படி ஒன்றில் சுட்டுக்கொண்டு கையை உதறியிருந்தாள். அதற்கு ஆறடி கீழே இருந்த இந்தக் கம்பியோ சில்லிட்டுக் கிடந்தது, யாரோ நனைந்த கையோடு பிடித்துக்கொண்டு இப்போதுதான் இறங்கிப்போன மாதிரி. அவளுக்கு முன்னால் இறங்கியவர்கள் வழிகாட்டியையும் சேர்த்து ஆறு பேர், ஒருவர் கையும் நனைந்திருக்கவில்லை. விரலை முகர்ந்தாள். உப்பும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. வியர்வையாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். புயல் மழையில், கடற்கரைச் சாலையில், நாற்பது வாண்டுகளின் கூச்சலுக்கு நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்த கை அது. ஆனாலும் அன்றைக்கு நுழைவுச் சீட்டு ஜன்னலிலிருந்தே அவள் மனசு சரியில்லை. காரணம் கப்பல் இல்லை, ராய்ஸ்.

அவள் புருஷன் ராய்ஸ் ஹேவர்டின் சித்தப்பா லானி இந்தப் போர்க்கப்பலில்தான் செத்தார், பத்தொன்பது வயதில். கப்பல் ஓய்வுபெற்று, அருங்காட்சியகமாகி, ஊர் விரிகுடாவின் சேற்றில் நாற்பது வருடமாக அசையாமல் நிற்கிறது. ஹேவர்ட் குடும்பத்தில் ஒருவர்கூட அதில் கால் வைத்ததில்லை. ராய்ஸின் அப்பா விரிகுடாப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். இந்த வருடம்தான் ராய்ஸ் தானாக வாயைத் திறந்து, ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டான். மேல்தளம் மட்டும் போதும், பீரங்கிகளைப் பார்த்துவிட்டு வறுத்த இறால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வண்டியில் வரும்போது சொன்னான்.

ஜன்னலில் மூன்று சுற்றுகள் எழுதிப் போட்டிருந்தார்கள். மஞ்சள் சுற்று மேல்தளத்துக்கு, பச்சை சமையலறைக்கும் கேப்டன் அறைக்கும். சிவப்பு என்றால் அடித்தளம். வழிகாட்டியோடு மட்டும், ஒரு நேரத்தில் ஏழே பேர். எந்தச் சுற்று வேண்டும் என்று சீட்டுக் கொடுக்கும் பெண் ராய்ஸைப் பார்த்துத்தான் கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. காகித ஆலை இயந்திரங்களோடு முப்பது வருடம் நின்றதில் அவன் வலது காது அடியோடு போய்விட்டது, இடது காதில் பாதி மிச்சம். டாக்டரிடம், வங்கியில், ஓட்டலில் என்று எல்லா இடத்திலும் அவனுக்கும் சேர்த்து பதில் சொல்வது வில்டாதான். அன்றைக்கும் சொன்னாள். "சிவப்பு. ரெண்டு பேர்." இவ்வளவு தூரம் வந்துவிட்டு, லானி இருந்த இடத்தைப் பார்க்காமல் போனால் பின்னால் வருத்தப்படுவான் என்று நினைத்தாள். சட்டையில் சிவப்பு வில்லையை ஒட்டியபோதுதான் ராய்ஸுக்கு விஷயம் தெரிந்தது. வில்லையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

வழிகாட்டி எம்மெட் எழுபது தாண்டிய மனுஷர், கப்பற்படையில் இருந்தவர். அந்தக் கப்பலின் வழக்கத்தை ஏணிக்கு மேலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு கதவைத் தாண்டியதும் வரிசையாக எண் சொல்ல வேண்டும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், காதால் மட்டும்தான் எண்ணுவார். போர்க்காலத்தில் விளக்கு அணைந்த இருட்டில் அப்படித்தான் எண்ணினார்களாம். எண் முழுதாக வந்ததும் கதவை மூடிவிடுவார்கள்.

"யாராவது உள்ள தங்கிட்டீங்கன்னா கவலைப்படாதீங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து தேடுவோம். என்ன, நீங்க இன்னொரு டிக்கெட் வாங்கணும்," என்றார் எம்மெட்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றும் இரண்டும் புதிதாகக் கல்யாணமான ஜோடி. மூன்று, நான்கு, ஐந்து ஓர் அப்பாவும் அவருடைய இரண்டு வளர்ந்த பெண்களும். வில்டா ஆறு. ராய்ஸ் ஏழு, கடைசி.

முதல் கதவில் ஆறு சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. திரும்பினால், ராய்ஸ் மேலே ஓடும் குழாய்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், கேட்டிருக்காது. அவளே "ஏழு" என்றாள். எம்மெட் கதவை மூடினார்.

இரண்டாவது கதவிலும் அதே கதை. ஆனால் அவள் "ஏழு" என்று சொன்னபோது இன்னொரு குரலும் கூடவே சொன்ன மாதிரி இருந்தது. ஆண் குரல், வெகு மெல்லிசாக. இரும்புச் சுவர், எதிரொலிக்காமல் என்ன செய்யும் என்று தேற்றிக்கொண்டாள்.

அங்கிருந்து தரையில் ஒரு வட்டத் திறப்பு வழியாக இறங்கினார்கள். அதற்குப் பருத்த இரும்பு மூடி, மூடியின் மேலும் அடியிலும் திருகி இறுக்குகிற கைச்சக்கரம். கீழே இருந்தது ஒரு சின்ன அறைதான். ஒரே ஒரு மஞ்சள் பல்பு, அழுத்துகிற மாதிரி தாழ்ந்த கூரை, மூச்சை இழுத்தால் நாக்கில் ஒட்டுகிற துரு வாடை, சுவருக்கு அந்தப் பக்கம் சேறு கப்பலை உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் போல இடைவிடாத ஒரு மெல்லிய சத்தம். சுவரில் பித்தளைப் பலகை, அதில் பதினொரு பெயர்கள். ராய்ஸ் நேரே அங்கே போய், நான்காவது பெயரில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

எம்மெட் நடந்ததைச் சொன்னார். வெடிகுண்டில் பக்கச்சுவர் பிளந்து தண்ணீர் ஏறியது. இருட்டில் எண்ணினார்கள், எல்லா எண்ணும் வந்தது, மூடியை இறுக்கிவிட்டார்கள். விளக்கு வந்த பிறகு பார்த்தால் மேலே வந்திருக்க வேண்டியவர்களில் பதினொரு பேரைக் காணோம். எண்ணிய அதிகாரி சாகும் வரைக்கும் ஒரே பேச்சுதான் பேசினாராம்: அத்தனை எண்ணையும் என் காதால் கேட்டேன். யார் சொன்னார்கள் என்றுதான் தெரியாது.

வில்டாவுக்கு மேலே போய்விட வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ராய்ஸின் தோளைத் தொட்டு ஏணியைக் காட்டினாள். வருகிறேன் என்று தலையசைத்தான். கண் கலங்கியிருந்தது. ஒரு நிமிடம் அவனைத் தனியாக விடுவோம் என்று அவள் முன்னால் ஏறினாள்.

மேலே வந்ததும் எம்மெட், இப்போது அந்தக் காலத்து மாதிரியே ஒரு தடவை எண்ணுவோம் என்று சொல்லி விளக்கை அணைத்தார். சட்டென்று கண்ணைப் பிடுங்கிய மாதிரி இருட்டு. ஒன்று. இரண்டு. பெண்களில் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். மூன்று, நான்கு, ஐந்து.

"ஆறு," என்றாள் வில்டா.

ஏழு வரவில்லை.

ஏணிப்படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து நிற்கும் குளிர்ச்சியும் தெரிந்தது. வந்துவிட்டான், இந்த மனுஷனுக்கு எதுதான் கேட்கும் என்று நினைத்தாள். பழக்கம், வேறென்ன. வாய் முந்திக்கொண்டது.

"ஏழு."

மூடி விழுந்தது. சக்கரம் கிறீச்சிட்டுச் சுழன்று இறுகியது. விளக்கு வந்தது.

பின்னால் யாரும் இல்லை.

தலையெண்ணாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்தவள் இல்லை அவள், ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை.

"மூடியைத் திறங்க. என் வீட்டுக்காரர் கீழ இருக்கார்."

"ஏழு வந்துச்சே, மேடம்," என்றார் எம்மெட்.

"அது நான்தான் சொன்னேன். அவருக்குக் காது கேக்காது. அவருக்குப் பதிலா எல்லாத்தையும் நான்தான் சொல்லுவேன். திறங்க."

எம்மெட் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எதற்கும் ஒரு தடவை எண்ணிவிடுவோம் என்றார். வெளிச்சத்திலேயே எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அவள் ஆறு சொன்னாள். சொல்லிவிட்டு, உதட்டைப் பல்லால் கடித்து இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏழு."

குழாய்களுக்குப் பின்னாலிருந்த மூலையிலிருந்து வந்தது. அங்கிருந்து ராய்ஸ் நடந்து வந்தான். அதே கட்டம் போட்ட சட்டை, நெஞ்சில் சிவப்பு வில்லை, அதே தொப்பை. "என்னைத் தேடுனீங்களா?" என்று கேட்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். எம்மெட் பெருமூச்சு விட்டார். அந்த அப்பாகூட, ஆளைக் காணோமென்றால் பெண்டாட்டிகள் படுத்தும் பாடு எனக்கும் தெரியும் என்று கேலி பேசினார்.

வில்டாவால் சிரிக்க முடியவில்லை. அவன் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சில்லென்று இருந்தது, ஏணிக் கம்பி மாதிரி. முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். எல்லாம் அவனுடையதுதான், மோவாயில் சவரக்கத்தி பட்ட கீறல் உட்பட. மற்றவர்கள் நகரத் தொடங்கினார்கள். அவள் அவன் வலப்பக்கமாக நகர்ந்து, செத்துப்போன அந்தக் காதின் பக்கம், தனக்கே கேட்காத அளவுக்கு உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ராய்ஸ்."

"சொல்லு, கண்ணு," என்றான்.

அவள் கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். விட்டான், சிரித்துக்கொண்டே.

மண்டியிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள். அடியிலிருந்து தட்டும் சத்தம், கையால் தட்டுகிற சத்தம். அது பம்பு சத்தம் மேடம் என்று எம்மெட் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் கப்பலில் இப்போது பம்பு ஏது? அவரும் மண்டியிட்டார். இருவரும் சேர்ந்து திருகினார்கள். மூடி தூக்கிக்கொண்டது.

விளிம்பு வரை தண்ணீர்.

கறுப்பாக, ஒரு அலைகூட இல்லாமல். பத்து நிமிடம் முன்னால் அந்தப் பெண்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட அறை அது. தண்ணீருக்கு அடியில் அந்த மஞ்சள் பல்பு இன்னும் எரிந்தது. ஏணியின் அடியில் ராய்ஸ் நின்றான், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. அவளைப் பார்த்துவிட்டான். ஏறத் தொடங்கினான். ஒரு படி. இன்னொரு படி. வாயிலிருந்து குமிழ்கள் வந்தன.

எம்மெட்டின் பிடி தளர்ந்தது. "சேத்துல நிக்கிற கப்பல்," என்றார். "சேத்துலதானே நிக்குது." பின்பக்கமாகவே தவழ்ந்து போனார். மற்றவர்கள் ஓடும் சத்தம் படியேறிப் போய் மறைந்தது. மூடி அரைகுறையாகச் சாய்ந்து நின்றது.

வில்டா தோள் வரைக்கும் கையை விட்டாள். எலும்பைக் குடையும் குளிர். துழாவினாள். விரல்கள் பட்டன. சூடான விரல்கள். கல்யாண மோதிரம். முப்பத்தொரு வருடமாக அவளுக்குத் தெரிந்த கை. பிடித்துக்கொண்டது. இழுத்தாள். வந்தது. தலைமயிர் தண்ணீருக்கு அரையடி கீழே. இன்னும் கொஞ்சம். கொஞ்சம்தான்.

அவள் தலைக்கு மேலே இரும்பு முனகியது. மூடி இறங்கியது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்கவே மாட்டாள், கை போனால் போகட்டும். ஆனால் கீழே இருந்தவன் மூடி இறங்குவதைப் பார்த்துவிட்டான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். முழுப் பலத்தோடு அவள் கையை மேலே தள்ளிவிட்டான். மல்லாந்து விழுந்தாள்.

மூடி விழுந்தது. ஒரு சொட்டுகூட வெளியே தெறிக்கவில்லை.

அவளால் கத்த முடிந்தது. கத்தினாள். சக்கரம் அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ திருகினார்கள், கால் சுற்று, அரைச் சுற்று. கட்டம் போட்ட சட்டைக்காரன் அவசரமில்லாமல் குனிந்து, ஒரு கையைச் சக்கரத்தின் மேல் வைத்தான். அது நின்றது. அவன் பிடிக்கு அடியில் சக்கரம் நடுங்கிக்கொண்டிருந்தது, விட்டு விட்டு, அப்புறம் இன்னும் மெதுவாக. அவன் அதைப் பார்க்கவே இல்லை. இன்னொரு கையை அவளிடம் நீட்டி, அவள் எழுந்திருக்கக் காத்திருந்தான்.